போல்ட் இல்லாத லிஃப்ட்

காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்றை வீட்டுக்கு வாங்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் "எங்க பாப்பா ஆசைப்பட்டுக் கேட்டா" என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவள் கேட்கவில்லை. அந்த மாதங்களில் அவள் எதையுமே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்றால்கூடத் தட்டைத்தான் லேசாக நகர்த்துவாள்.

எங்கள் ஒரே மகள் ஆட்டோமொபைல் படித்தவள். சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்த்த பையனையே பேசி முடித்தோம். போக வர வசதியாக இருக்கும் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். கல்யாணம் ஒரு வருஷம்கூட உருப்படியாக ஓடவில்லை. கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரே கேன்டீனில் தட்டு ஏந்தி நிற்க வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு திருவண்ணாமலைக்கு வந்து வேங்கிக்கால் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டின் மாடி அறையில் படுத்தாள்.

நானோ ஓர் இடத்தில் உட்காருகிற ஜென்மம் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். என் சின்னக் காரை நானே ஓட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை என்று ஒரு நாளைக்கு எத்தனையோ வாசல் ஏறி இறங்குகிறவள். ஊரார் வீட்டில் உட்கார்ந்து "எதிர்காலத்தப் பத்தி யோசிங்க" என்று சொல்லிவிட்டு, என் வீட்டு மாடிப்படியில் சத்தம் வராமல் ஏறுவேன். கதவு சாத்தியிருக்கும். காதை வைத்துக் கேட்பேன். மின்விசிறி சத்தம் மட்டும் வரும். கதவைத் தட்டினால் "இன்னாம்மா" என்று ஒரு குரல். அது வந்த பிறகுதான் மூச்சு விடுவேன். கீழே இறங்கியதும் மறுபடி ஏறத் தோன்றும். வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலேயே, "படி தேயப் போவுது" என்பார். மின்வாரியத்திலிருந்து ரிடையர் ஆன மனுஷர். எதற்கும் பதறாதவர். அந்தப் பதறாத குணத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு விதி உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மலை சுற்ற வருகிறவர்களுக்குக் காரை நிறுத்த ஒரு வாசல் வேண்டும், கால் கழுவ ஒரு குழாய் வேண்டும், திரும்பி வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கெல்லாம் நான் சலித்துக்கொண்டதே இல்லை. ஆனால் அவள் வந்த பிறகு நாள்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றும்போதே மாடியைத்தான் பார்ப்பார்கள். "பாப்பா மேலயா இருக்கா?" என்று கேட்கிற தொனியிலேயே மீதிக் கேள்வி எல்லாம் இருக்கும். ஒருத்தி, என் நாத்தனார் முறை, "அண்ணாமலையாரு ஒரு வழி காட்டாமலா போயிடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். எனக்கு அவள் கையை உதறிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. உதறவில்லை, காபி போடப் போனேன்.

அப்படி ஒரு பௌர்ணமியன்றுதான் திண்டிவனத்திலிருந்து என் தம்பி கார் கடகடவென்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி வந்து நின்றது. சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்ப் உடைந்து, அது தரையில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பௌர்ணமியன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், மெக்கானிக் யாரும் வர மாட்டார்கள். தம்பி போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அப்போது மாடிக் கதவு திறந்தது. தலையைக்கூட வாராமல், பழைய நைட்டியோடு இறங்கி வந்தவள், குனிந்து ஒரு தரம் பார்த்தாள்.

"மாமா, ஜாக்கி எங்க வெச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான். தம்பி ஓடினான். ஜாக்கி வைத்துத் தூக்கியதும், காம்பவுண்ட் சுவர் கட்டி மிச்சமிருந்த ஹாலோ பிளாக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அடியில் சொருகப் போனான்.

"அத வெக்காதீங்க மாமா, வெயிட்டு ஏறுச்சுன்னா பொசுக்குனு நொறுங்கிடும். ஸ்டெப்னிய எடுத்து அடியில தள்ளுங்க. கம்பி இருந்தாக் குடுங்க. ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க, வெளிச்சம் வரல பாருங்க!"

அதட்டுகிறாள்! வந்திருந்த கூட்டம் அத்தனையும் ஒதுங்கி நின்றது. அவள் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தாள். இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. ஓடிப்போய் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்தால் நின்றுவிடுமா என்ன? ஆனாலும் பிடித்தேன்.

"ம்மா, கார விடு. ஆட்டாத," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. நெற்றியில் ஒரு கீறல். ஆனால் அந்த முகத்தில் என் மகள் இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கீழே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து தோசை சாப்பிட்டாள். "சட்னியில உப்பு கம்மிம்மா" என்றாள். எத்தனை மாதம் கழித்து என் சமையலில் ஒரு குறை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கூட்டம் கிளம்பிப் போனதும் அவளிடம் கேட்டேன்.

"ஏண்டி, அந்த ஜாக்கியெல்லாம் வெச்சு உயிரப் பணயம் வெக்காத. வீட்டுல வெக்கிற மாதிரி லிஃப்ட் இருக்காமே, வாங்கிடலாமா? இங்கயே வண்டி பாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினாள்.

"போர்ட்டபிள்னா பாக்கலாம்," என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி ஒருவர் வீட்டில், பாலிசி முதிர்ந்தால் என்ன கிடைக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் மடியில் போனை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் ஒருத்தன் காரை ஒருச்சாய்த்துத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அம்மா, நான் கேட்டது காதுல வுழுந்துதா?" என்றார் மனுஷர். விழவில்லை. திரும்பக் கேட்கச் சொன்னேன்.

சாயங்காலமானால் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்காருவாள். நான் பார்த்ததை எல்லாம் காட்டுவேன். கத்திரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற ஒன்று, காரின் நடுவில் வைப்பது. பார்க்க லட்சணமாக இருந்தது. "நடுவுல அதுவே அடைச்சிக்கினா நான் எங்கேர்ந்து வேல செய்யறது?" என்றாள். காரை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது ஒன்று. "ஆயில் எல்லாம் ஒழுகி ஒரு பக்கமா வரும். வேணாம்." பிறகு அவளுக்குப் பிடித்த ரகம். காரின் இரண்டு பக்கமும் கட்டில் சட்டம் போல நீளமான இரண்டு ஃபிரேம். தனியாக ஒரு சின்ன மோட்டார் பெட்டி. பட்டனை அழுத்தினால் இரண்டும் ஒன்றாக எழும்பி காரை இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே தூக்கி நிறுத்தும். சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வேலை முடிந்தால் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாம்.

அதிலும் எத்தனை தினுசு! ஃபிரேம் நீளம் ஜாஸ்தியாக இருந்தால் என் கார் மாதிரிச் சின்ன வண்டிக்கு டயரில் இடிக்கும். கம்மியாக இருந்தால் பெரிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் இடம் எட்டாது. உயரமாக இருந்தால் நம் ஊர் வேகத்தடையில் அடிபட்டுத் தொங்குகிற வண்டிக்கு அடியில் நுழையாது. அவள் பென்சிலை எடுத்துப் பேப்பர் ஓரத்தில் வரைந்து காட்டுவாள். எனக்குப் பாதி புரியும். புரிந்ததையும் புரியாததைப் போல இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "நம்மளுது சிங்கிள் ஃபேஸ் கரண்ட்டு, அதுல ஓடுமான்னு மொதல்ல பாருங்க" என்பார். ஓடும் என்று அவள் விளக்குவாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே கேட்பார்.

உண்மையைச் சொன்னால், அவள் சரி என்று சொன்னதை எல்லாம் நான்தான் ஏதாவது நொட்டை சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தேன். இதில் பெயின்ட் சரியில்லை. அவன் பேசுகிற தோரணை பிடிக்கவில்லை. இது எங்கேயோ வடக்கில் இருந்து வர வேண்டும், உடைந்தால் யாரிடம் போய் நிற்பது. வாங்கி முடித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும், அவள் மறுபடி மாடி ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எனக்குப் பயம். பேசிக்கொண்டிருந்தால் போதும். எந்த லிஃப்டாக இருந்தால் எனக்கென்ன?

அப்படித்தான் இருந்தேன், அந்த ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கும் வரைக்கும். வேலூர் ரோட்டில் என் கார் டயருக்குக் காற்று பிடிக்கப் போன இடத்தில், பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு இரும்புத் தூண் நின்றது. நடுவில் ஒரு பெரிய வண்டி அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு அடியில் மெக்கானிக் நிமிர்ந்து நின்றுகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறான். தூண்களின் அடியைப் பார்த்தேன். தரைக்குள் இறங்கிய தடித் தடி போல்ட். அதைச் சுற்றிப் புதுக் கான்கிரீட்.

"இத எடுத்துக்கினு வேற எடத்துக்குப் போவ முடியுமாங்க?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீங்க, இது எங்க போவும்? கட்டடம் போனாலும் இது போவாது," என்று அவன் சிரித்தான்.

எனக்கு அது போதும். இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இப்படி ஒன்று வாசலில் இறங்கி நின்றுவிட்டால் அவள் எங்கே போவாள்? பெரிய பெரிய வண்டி எல்லாம் அவளைத் தேடி வீட்டுக்கு வரும். பௌர்ணமிக்கு வருகிற சொந்தங்கள் மாடியைப் பார்க்காமல் அந்தத் தூணைப் பார்ப்பார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதே மனசுக்குள் போர்ட்டிகோ கூரையைப் பிரித்து உயரமாக ஷீட் போட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன். அவள் தலையைப் பலமாக ஆட்டினாள்.

"வேணாம்மா. எனக்குப் போர்ட்டபிள்தான் வேணும்."

"ஏண்டி, உக்காந்துக்கினு கழுத்தொடிய ஏன் செய்யணும்? நிமிந்து நின்னு ராணி மாதிரி செய்யேன்."

"இங்க போல்ட்டு போட முடியாதும்மா."

"ஏன் முடியாது? யாரு கேக்கறது? நம்ம வூடு, நம்ம தரை."

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். அது அபூர்வம்.

"தரைக்கு அடியில சம்ப்பு இருக்குது," என்றார்.

தண்ணீர்த் தொட்டி இருப்பது எனக்குத் தெரியாதா? மூலையில் இரும்பு மூடி இருக்கிறது, தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் காரில் ஏறுகிறேன். ஆனால் அந்த மூடிக்குக் கீழே மட்டும் ஏதோ ஒரு குண்டான் அளவுக்கு இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்போதுதான் விளக்கினார். ஈசான்ய மூலையில் தண்ணீர் இருந்தால்தான் வீட்டுக்கு நல்லது என்று வாஸ்து பார்த்தவர் சொன்னார். கிழக்குப் பார்த்த வீட்டுக்கு அந்த மூலையில்தான் போர்ட்டிகோ வந்தது. கோடை வந்தால் டேங்கர் தண்ணீரை நம்பித்தான் இந்தத் தெருவே இருக்கிறது, அதனால் முழு டேங்கரும் கொள்ளட்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி, போர்ட்டிகோ அகலத்துக்கும் தோண்டிவிட்டார். மேலே ஒரு ஸ்லாப். அதற்கு மேலே டைல்ஸ். இந்தத் தெருவில் பாதி வீடு இப்படித்தான் நிற்கிறது. இத்தனை வருஷமாக நான் காரைத் தண்ணீர் மேல் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் தரையை அங்கங்கே தட்டினாள். தட்டுகிற இடமெல்லாம் டொம் டொம் என்றது. வாசல் கேட் பக்கம் போன பிறகுதான் சத்தம் கெட்டியாக வந்தது.

"எனக்கு வந்த அன்னைக்கே தெரியும்மா. கார் உள்ள வர்றப்பவே சத்தம் வேற மாதிரி கேக்கும். டயர்ல நிக்கற வரைக்கும் தாங்கும். இதுல ஓட்டை போட்டு தூண் நட்டா ஸ்லாப்பே உள்ள போயிடும்."

நியாயம்தான். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க நிலைகொள்ளவில்லை. போர்ட்டிகோவில் நின்று தரையையே பார்ப்பேன், உள்ளே வருவேன், மறுபடி போவேன். வாய்க்கு வந்தபடி வாஸ்துக்காரரைத் திட்டினேன். ஈசான்யத்தில் தண்ணீர் வைத்து என்ன நல்லது நடந்தது இந்த வீட்டில்? ஒரே பெண். அவள் வாழ்க்கை இப்படி. இந்தத் தொட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள் காலை கொத்தனாருக்குப் போன் போட்டேன். மணல் கொட்டி, மேலே நல்ல கான்கிரீட் போட்டு சம்ப்பையே மூடிவிடலாமா என்றேன். மூடலாம், ஆனால் மொதல்ல தண்ணிய வெளியே எடுங்க என்றார். வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். அவர் இருந்தால் ஈசான்யம் என்று இழுப்பார். தோட்டத்துக்குப் போகிற வால்வைத் திறந்து, ஹோஸைக் கேட்டுக்கு வெளியே போட்டு, மோட்டாரை ஆன் செய்தேன்.

தண்ணீர் தெருவில் ஓடியது. முந்தின நாள்தான் டேங்கர் வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தது. எதிர் வீட்டுப் பெண் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவள் வாயை மூட மறந்து நின்றாள். "இன்னாக்கா இது, பைப்பு ஒடஞ்சிடுச்சா?" என்றாள். ஒடையல, நான்தான் விடறேன் என்றேன். அவள் உள்ளே ஓடிப்போய் இரண்டு குடத்தோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டிலிருந்து பக்கெட் வந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. இன்னும் வேகமாகப் போக மாட்டேன் என்கிறதே என்றுதான் எரிச்சல்.

சத்தம் கேட்டு மகள் இறங்கி வந்தாள். நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"இன்னாம்மா பண்ற?"

"மூடப் போறேன். மூடிட்டு நீ கேக்கற எடத்துல தூண நட்டுக் குடுக்கறேன். நீ இங்கயே இரு. உனக்கு இன்னா கொறைச்சல் இங்க? அப்பா இருக்காரு, நான் இருக்கேன். எவ வந்து இன்னா கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் குடத்தோடு நிற்கிறவர்கள் முன்னால் அழுதேன். அவள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் சொல்றத முழுசாக் கேளு. எனக்கு ஒரு எடத்துல நட்டு வெக்கிற லிஃப்ட் வேணாம். இப்பல்லாம் வண்டிய எடுத்துக்கினு ஒர்க்‌ஷாப் போவ யாருக்கும் நேரமில்ல. நாமளே வீட்டு வாசலுக்குப் போயி சர்வீஸ் பண்ணிக் குடுக்கணும். லிஃப்ட்டும் என்னோட வண்டியிலயே வரணும். எங்க நிறுத்தறமோ அங்க எறக்கி, தூக்கி, வேல முடிச்சு எடுத்துக்கினு கெளம்பணும். நான் நல்லா யோசிச்சிட்டேன். அப்புறம் இன்னொண்ணு..."

எங்கே இன்னொன்றைக் கேட்டேன்? அவள் மறுபடி எழுந்து வேலைக்குப் போகப் போகிறாள் என்பதே எனக்குத் தேன் வார்த்த மாதிரி இருந்தது. "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "இந்த ஊர்ல இல்லாத வண்டியா? லாட்ஜுங்க இருக்குது, ஆசிரமத்துப் பக்கம் வெள்ளக்காரங்க வாடகைக்கு எடுத்து ஓட்டறாங்க, பௌர்ணமியானா அடி அண்ணாமலை வரைக்கும் வழியெல்லாம் வண்டி மக்கர் பண்ணி நிக்குது. நீ ஒரு போன் நம்பர் போட்டு போர்டு வெச்சாப் போதும்." பேசிக்கொண்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய் ஹோஸைச் சுருட்டினாள். பால் பாக்கெட்டோடு வந்த வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத் தெருவைத் தாண்டி உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எனக்குப் போல்ட் ஆசை போய்விட்டது. போர்ட்டபிள்தான் உலகத்திலேயே சிறந்தது என்று நானே கட்சி மாறிப் பேச ஆரம்பித்தேன். பார்த்த பாலிசிதாரர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு உங்க வூட்டு வாசலுக்கே வந்து வண்டி பாப்பா" என்று சொல்லிவைத்தேன். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி தன்னிடமிருந்த இரண்டு வேனையும் அவளிடமே விடுவதாக வாக்குக் கொடுத்தார். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் என் காரின் பின்சீட்டை மடித்து அளந்து பார்த்தேன். ஃபிரேம் சரியாக உள்ளே போகும் போலிருந்தது.

"எங் காரையே எடுத்துக்கோ. நான் பஸ்ஸுல போய்க்கறேன்," என்றேன்.

"வேணாம்மா. உனக்கு வேணும் கார். நான் ஒரு பழைய வேன் பாத்துக்கறேன்," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைசியாக ஒன்றை முடிவு செய்தாள். கோயம்புத்தூரிலிருந்து விற்கிறார்கள். ஃபிரேமைச் சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் ஏற்றபடி நீட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கிறது. கரண்ட் இல்லாத இடத்தில் வண்டி பேட்டரியிலேயே மோட்டார் ஓடும். இந்தத் தடவை நான் ஒரு நொட்டையும் சொல்லவில்லை. நானே போனைப் போட்டேன், ஸ்பீக்கரில் வைத்தேன். எங்கள் வீட்டு முதல் தொழில் சாமான். என் வாயால் ஆர்டர் சொல்ல வேண்டும் என்று ஆசை.

விற்பனைக்காரர் மரியாதையாகப் பேசினார். எல்லாம் எழுதிக்கொண்டார்.

"டெலிவரி அட்ரஸ் சொல்லுங்க மேடம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதிக்கோங்க, வேங்கிக்கால்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்தாள்.

"அண்ணா, அந்த அட்ரஸ் இல்ல. நான் சொல்றேன்."

சொன்னாள். சென்னையில் ஏதோ ஒரு நகர். கதவு எண், குறுக்குத் தெரு, மாடியில் எத்தனையாவது வீடு, பக்கத்தில் இருக்கிற மாவு மில், கடைசியில் பின்கோடு. எதையும் பார்த்துப் படிக்கவில்லை. மனசில் பதிந்துபோன விலாசம். அட்வான்ஸ் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வந்த வீட்டைத்தான் அப்படிச் சொல்ல முடியும். போன வாரம் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு நாள் பஸ் ஏறிப் போனாளே, அன்றைக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எறக்கறப்ப ஆள் இருப்பீங்களா மேடம்?" என்றது போன்.

"அடுத்த மாசம் அனுப்புங்க. நான் அங்கதான் இருப்பேன்," என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். என்னிடம் சொல்ல முடியாததை அந்த ஆளிடம் சொன்னாள்.

ஏண்டி, இத்தனை சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து பென்சில் பிடித்து வரைந்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொல்லத்தான் வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லத்தான் வந்தாள். அது நினைவுக்கு வந்ததும் கத்துவதற்குக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. அவள் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

"வேற ஏதாச்சும் கேக்கணுங்களா மேடம்?"

அவள் போனைக் கட் செய்யப் போனாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு. அவ தனியாத்தான் இருப்பா. அடியில இருக்கறப்ப ஆயில் கீயில் லீக்காயிடுச்சுன்னா, வண்டி அவ மேல எறங்கிடாதே?"

"எறங்காதுங்கம்மா. இரும்பு லாக்கு தனியா விழுந்துடும். நீங்களா எடுத்து விட்டாத்தான் எறங்கும். நீங்க தைரியமா இருங்க."

பக்கத்தில் அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அப்ப அதையே அனுப்பிடுங்க," என்றேன். "எம் பொண்ணு சொன்ன அட்ரஸுக்கே."